பின்புத்தி யார் தந்தது?

"பெண்புத்தி பின்புத்தி" என்றனர்! சொன்னவர் யார், எந்த நாளில், எதை அளந்து பார்த்துச் சொன்னார் என்று கேட்டால், "பழமொழி அய்யா, பழமொழி!" என்று பதில் வருகிறது. பழமை என்பதற்காகவே பணிந்திட வேண்டுமாம்! அந்தப் பழமொழியை மனத்திலே பூட்டி வைத்திருப்பதால்தான், அடுப்பில் வைத்த பாலை அன்னை மறந்தால் சிரிக்கிறோம். கேட்டதையே மூன்றாம் முறை கேட்டால் சீறுகிறோம். பேரனை மகன் பெயர் சொல்லி அழைத்தால், "கிழவிக்கு அறிவு மழுங்கிவிட்டது" என்று தீர்ப்பெழுதிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறோம். ஆலையிலே உழைத்து அலுத்து வரும் தோழனுக்கு அந்த நேரத்தில் எரிச்சல் எழுவது இயல்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டாமா?

விசாரிப்போம்.

1901ஆம் ஆண்டு, ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவமனையிலே 51 வயது அம்மையார் ஒருவர் சேர்க்கப்பட்டார். அகஸ்ட் டீட்டர் என்பது பெயர். கணவர் இரயில்வே எழுத்தர். "உங்கள் பெயரை எழுதுங்கள்" என்றார் மருத்துவர். 'திருமதி' என்று எழுதினார். அதற்குமேல் என்ன எழுதுவது என்பது மறந்து போயிற்று. தன் பெயரே தனக்கு அந்நியம்! 1906இல் அவர் மறைந்தபின், அவருடைய மூளையை நுண்ணோக்காடியிலே வைத்துப் பார்த்தார் அந்த மருத்துவர், அலாய்ஸ் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள். உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். பேயுமல்ல, பில்லி சூனியமுமல்ல, முன்வினைப் பயனுமல்ல. நோய்! கண்ணால் காணத்தக்க நோய்.

"நோய்தான், ஒப்புகிறோம். அது பெண்களை ஏன் மிகுதியாகப் பிடிக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் 60 வயது கடந்தோரை ஆராய்ந்து 2023இல் வெளியான கணக்கு, ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்த மறதி நோய் என்கிறது. பெண்களிலே நூற்றுக்கு 9 பேர். ஆண்களிலே 6 பேருக்கும் குறைவு.

"பார்த்தீரா, பழமொழி பலித்துவிட்டது!" என்று துள்ளுவோர் சற்றுப் பொறுத்திடுக. அதே கணக்கு, நகரத்தைவிடச் சிற்றூரிலே நோய் மிகுதி என்கிறது. படிப்பில்லாதவரிடையே மிகுதி என்றும் சொல்கிறது. 1951 குடிக்கணக்கைப் புரட்டுங்கள்: இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 9 பேர்தான்! அந்நாளில் பிறந்த பெண் குழந்தைதான் இன்று எழுபதைக் கடந்த பாட்டி. அவள் கையிலிருந்து ஏட்டைப் பிடுங்கிக்கொண்டு கரண்டியைக் கொடுத்தது இந்தச் சமுதாயம். இன்று அதே சமுதாயம், "இவளுக்குப் புத்தி பின்னேதான்" என்று பழிக்கிறது. பூட்டியவனே, கதவு திறக்கவில்லையே என்று கேலி பேசுவது போல!

ஏட்டுக்கும் மூளைக்கும் என்ன உறவு? அமெரிக்காவிலே டேவிட் ஸ்னோடன் எனும் ஆராய்ச்சியாளர் 1986இல் கன்னிமாடங்களை நாடிச் சென்றார். 75 வயது கடந்த 678 கன்னியாஸ்திரீகள், ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு இசைந்தனர். மறைந்தபின் மூளையை ஆராய்ச்சிக்குத் தரவும் இசைந்தனர். (ஆண்டவன் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அறிவுக்கு மூளையைக் கொடையாகத் தந்த அந்த அன்னையரைப் போற்றுகிறோம்.) ஏன் கன்னிமாடம்? எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே உணவு, ஒரே உறைவிடம், ஒரே வகை வாழ்வு. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட ஏற்ற இடம் ஏது?

அவர்களிற் பலர், மடத்திலே சேர்ந்த காலத்தில், இருபத்திரண்டு வயதையொட்டித் தம் வரலாற்றைக் கைப்பட எழுதி வைத்திருந்தனர். அந்தத் தாள்களைத் தேடியெடுத்தார் ஸ்னோடன். கருத்துச் செறிவோடு எழுதியவர்களைக் காட்டிலும், வெறுமையாக எழுதியவர்களுக்கே ஏறத்தாழ 60 ஆண்டுக்குப் பிறகு அறிவுத் தளர்ச்சி மிகுதியாக வந்தது. 1996இல் வெளியிட்டார் முடிவை. இளமையிலே பழக்கிய மூளை காத்ததா, அல்லது இளமையிலேயே நோயின் விதை இருந்ததா என்பதிலே அறிஞர்களிடையே வழக்குண்டு. ஆனால், சகோதரி மேரி என்ற அம்மையாரின் கதை எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். 101 வயதில் மறைந்தார். மறையும் வரை சோதனையில் நல்ல மதிப்பெண். மூளையைப் பார்த்தாலோ, அல்சைமர் கண்ட அதே படிவு, அதே முறுக்கிழை, ஏராளம்! வீட்டிலே வெள்ளம் புகுந்தும் விளக்கு அணையவில்லை!

வயது என்று சொல்கிறோமே, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. சாதகக் கட்டம் காட்டும் வயது ஒன்று. உடலின் அணுக்கள் காட்டும் வயது வேறொன்று. மரபணுவின் மேல் காலம் பதிக்கும் வேதியல் குறிகளைக் கொண்டு இந்த இரண்டாவது வயதைக் கணக்கிடும் முறையை 2013இல் ஸ்டீவ் ஹார்வத் வெளியிட்டார். மாதவிடாய் சீக்கிரம் நின்ற பெண்களின் இரத்தம், அவர்களுடைய ஆண்டுக் கணக்கைக் காட்டிலும் முதுமை காட்டுகிறது என்று 2016இல் கண்டனர்.

"அப்படியானால் நின்றுபோன சுரப்பை மாத்திரையாக விழுங்கினால் இளமை திரும்புமே!" என்று எண்ணத் தோன்றும். எண்ணினார்கள். 65 வயது கடந்த 4,532 அமெரிக்கப் பெண்களிடம் சோதித்தார்கள். 2003இல் முடிவு வந்தது: மாத்திரை உண்டோரில் 40 பேருக்கு மறதி நோய், வெற்று மாத்திரை உண்டோரில் 21 பேருக்கு. காக்கும் என்று கொடுத்தது, இரு மடங்கு கெடுத்தது! இளமை விற்கும் வணிகர் எவரேனும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், இந்த இரண்டு எண்களையும் சொல்லி அனுப்புங்கள்.

பின் என்னதான் செய்வது? செய்வதற்கு நிறைய உண்டு. 2024இல் லான்செட் மருத்துவ ஏட்டின் ஆய்வுக் குழு, 14 காரணங்களை நீக்கினால் இந்நோயில் ஏறத்தாழப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இளமையில் கல்வியின்மை, செவிக் குறை, கண் குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை, அசுத்தக் காற்று, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கன்னியாஸ்திரீகளிடமும் இதையே கண்டார் ஸ்னோடன்: மூளையிலே நோய் இருந்தவரிலும், இரத்தக் குழாய் அடைத்துச் சிறு சேதம் ஏற்பட்டிருந்தவரே மிகுதியாக நினைவிழந்தனர். அழுத்தத்தை அடக்கி வைப்பது அந்த அடைப்பை ஒரு பங்கு தடுக்கும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. தாய்க்கு அழுத்தம் எவ்வளவு என்று தெரியாத மகன், கட்சிக்கு எத்தனை வாக்கு என்று மட்டும் விரல் நுனியில் வைத்திருப்பதில் என்ன பெருமை?

இன்னொன்று. மறதியெல்லாம் அல்சைமர் நோயல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். பி12 உயிர்ச்சத்து குறைந்தாலும் வரும். கணவனை இழந்த துயரிலே உள்ளம் சோர்ந்தாலும் வரும். காது கேளாத தாய் பொருந்தாத பதில் சொன்னால், அது புத்திக் குறையே அல்ல. இவையெல்லாம் மருத்துவம் உள்ளவை. தைராய்டையும் பி12ஐயும் அறிந்திட ஒரு குழாய் இரத்தம் போதும்; காதைச் சோதிக்க அதுவும் வேண்டாம்.