வெந்த தோலின் விளிம்பிலிருந்து

தீக்காயங்களில் மோசமானது வலிக்காத காயம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றப்படுபவர்களில் சிலர் தெளிவாகப் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்வார்கள். கூட வருபவர்களுக்கு அது தெம்பாக இருக்கும். ஆனால் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் அதிலிருக்கும் நரம்பு முனைகளும் கருகிவிடுகின்றன. வலியை மூளைக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. தொட்டாலே துடிக்க வைக்கும் காயத்தில்தான் தோலின் உயிர் மிச்சமிருக்கிறது.

அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்பது வியப்பான செய்தி. நம் மேல்தோல் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தடிமன். அதன் அடிவரிசைச் செல்கள் ஓயாமல் பிரிந்து மேலே ஏறி, ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை மேல்தோல் முழுவதையும் புதுப்பித்துவிடுகின்றன. அந்த அடிவரிசையே எரிந்துபோனாலும் கதை முடிவதில்லை. மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் மேல்தோலிலிருந்து உள்ளே இறங்கிய குழாய்கள்தான். அவற்றின் ஆழத்தில் மூலச்செல்கள் பதுங்கியிருக்கின்றன. கோடையில் கரிந்துபோன கரிசல் காட்டில் ஒரு மழைக்கு அருகம்புல் அங்கங்கே தலைகாட்டுவதைப் போல, வெந்த பரப்பில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புதுத்தோல் சின்னச் சின்னத் திட்டாக எழும்பும். திட்டுகள் விரிந்து ஒன்றையொன்று தொட்டுச் சேர்ந்தால் காயம் மூடிக்கொள்ளும். மேலோட்டமான கொப்புளக் காயம் இரண்டு மூன்று வாரங்களில் ஆறுவது இப்படித்தான்.

வேரும் வெந்துவிட்டால் நடுவில் எதுவும் முளைக்காது. ஓரத்தில் பிழைத்த தோல்தான் மெல்ல உள்நோக்கி நகர வேண்டும். பெரிய காயத்துக்கு அந்த வேகம் போதாது. ஆகவே தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து, அதில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்து விரித்து, வெந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். சீவிய இடத்தில் மயிர்க்கால்கள் மிச்சமிருப்பதால் அது தானே ஆறிவிடும். சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி சீவலாம்.

காயம் மூடிய பிறகும் உடம்பு ஓய்வதில்லை. தழும்புக்குள் தசையைப் போலச் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் உருவாகின்றன. காயத்தின் வாயைச் சுருக்கி மூடுவதுதான் அவற்றின் வேலை. வேலை முடிந்தும் அவை நிற்காதபோது கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும், விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போகும். அதனால்தான் உயிர் போகிற வலியிலும் கையை நீட்டு, மடக்கு என்று பயிற்சி கொடுப்பவர்கள் வற்புறுத்துகிறார்கள். தழும்பு அடங்கி மென்மையாக ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு ஆகும். பெரிய தீக்காயம் பட்டவருக்குப் படுத்திருக்கும்போதே உடம்பின் எரிசக்திச் செலவு ஏறத்தாழ இரு மடங்குவரை உயரும். புரதம் போதவில்லையென்றால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தோலுக்குக் கொடுக்கும்.

மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் விருதுநகர் மாவட்டத்தில் வேர்விட்டன. அந்த வெயிலே பிழைத்து வந்தவருக்கு எதிரியாகிறது. ஒட்டப்பட்ட மெல்லிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பில் பாதி வியர்க்காமல் சித்திரை, வைகாசியைக் கடப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வெளியில் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று ஊர் பேசும்போது, அவர் சோம்பலிலோ வெட்கத்திலோ இருக்கிறார் என்று பொருளல்ல. உடம்பு சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் இருக்கிறது.

தீக்காய மருத்துவத்தையும் துக்கத்தின் அறிவியலையும் ஒரே நெருப்பு முன்னே தள்ளியது என்பது பலருக்குத் தெரியாது. 1942 நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். அதுவரை தீக்காயத்தின் மேல் டானிக் அமிலம் பூசித் தோலைப் பதப்படுத்தும் வழக்கம் பரவலாக இருந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆலிவர் கோப் என்ற அறுவை மருத்துவரின் குழு அதைக் கைவிட்டு, களிம்பு தடவிய மெல்லிய துணியால் மட்டும் காயத்தைச் சுற்றியது. அப்போது அரிதாக இருந்த பென்சிலினும் அங்கே வரவழைக்கப்பட்டது.

அதே மருத்துவமனையில் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். காயம் ஆறியும் சிலர் தேறவில்லை. அவர்கள் கூட வந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள். துக்கத்தில் இருந்த 101 பேரைச் சந்தித்து 1944இல் அவர் எழுதிய கட்டுரை, துக்கத்தை ஒரு மருத்துவர் கண்ணெதிரே பார்த்துப் பதிந்த முதல் பெரிய ஆவணங்களில் ஒன்று. அலையலையாக வரும் தவிப்பு, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தொண்டை அடைப்பு, நெடிய பெருமூச்சு, வயிற்றில் ஒரு வெறுமை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குற்றவுணர்வு: நான் வேறு மாதிரி செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரே.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள், இரண்டாவதாக வந்த பெருவெடிப்பில் சிக்கினார்கள். உதவப் போனவரைத் தடுக்காமல் விட்டோமே என்ற நினைப்பு ஒரு வீட்டில் எத்தனை ஆண்டுகள் தங்கும்! லிண்டமனின் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலிப்பட்டிதான் நினைவுக்கு வருகிறது.

சில வாரச் சிகிச்சையில் துக்கத்தைக் கரைத்துவிடலாம் என்று லிண்டமன் நம்பினார். அந்தக் கணக்கைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளும் அப்படித்தான்; எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அவற்றை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி. பறிகொடுத்தவர்கள் வரிசையாக அந்தப் படிகளில் ஏறுவதில்லை. நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம்தான் நம் ஊர் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பேன். துக்கப்படுபவர் இரு பக்கமும் போய்வருகிறார்: காலையில் மாலை போட்ட படத்தின் முன் அழுகிறார், பத்து மணிக்கு நிவாரண மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கிறார், சாயங்காலம் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார், இரவு மறுபடி உடைகிறார். இந்தப் போக்குவரத்துதான் ஆறுதலின் வழி. அழாமல் ஓடிக்கொண்டே இருப்பவரும், அழுகையிலேயே உறைந்துவிட்டவரும்தான் உதவி தேவைப்படுபவர்கள். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் அன்றாடத்தை முடக்கிப்போட்டால் அதை மருத்துவம் தேவைப்படும் நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது ஏற்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ சொன்னது இன்னும் வியப்பு. துணையை இழந்த முதியோரைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ பாதிப்பேர் நீண்ட முடக்கம் இல்லாமலேயே தேறி நடமாடினார்கள். மீண்டு வருவது அபூர்வமான வீரம் அல்ல, மனித இயல்பு. ஆனால் அந்த இயல்புக்கும் தீனி வேண்டும்: பணக் கவலை குறைவது, தூக்கம், பேச ஒரு ஆள். 2004 சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரத்தில், ஸ்நேகா அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். அப்படி யாரும் போகாத பகுதியைவிட அங்கே மனச்சோர்வு குறைவாக இருந்ததை டாக்டர் லட்சுமி விஜயகுமார் பதிவுசெய்திருக்கிறார். “பிள்ளைகளுக்காகத் தெம்பா இரு தாயி” என்று சொல்லிவிட்டு எழுந்து போவதைவிட, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு ஒரு நாள் போய் உட்கார்வது பெரிய உதவி.

பிரேமா தன்ராஜ் எட்டு வயதில் அடுப்பு வெடித்து முகம், கழுத்து, உடம்பின் பாதி என்று வெந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் அவருக்கு 14 அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வளர்ந்து பிளாஸ்டிக் அறுவை மருத்துவராகி, அதே மருத்துவமனையில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1999இல் அக்னி ரக்ஷா என்ற அமைப்பைத் தொடங்கித் தீக்காயம் பட்டவர்களுக்கு இலவச அறுவைச் சிகிச்சைக்கு வழிசெய்தார். 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கதையில் என்னைத் தொடுவது விருதல்ல. கண்ணாடி பார்க்க அஞ்சிய ஒரு சிறுமியைச் சுற்றி ஒரு தாயும் ஒரு மருத்துவமனையும் ஆண்டுக்கணக்கில் விலகாமல் நின்றார்கள். வாழ்வின் பொருள் அவருக்குள்ளிருந்து முளைத்ததுதான். ஆனால் முளைக்கும்வரை யாரோ ஈரத்தைக் காத்தார்கள். எல்லாரும் பிரேமாவாக வேண்டும் என்று தாயில்பட்டியிலோ ஏழாயிரம்பண்ணையிலோ பட்டாசு விபத்தில் மகனைப் பறிகொடுத்தவரிடம் எதிர்பார்ப்பது கொடுமை. அவர் மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவதே போதுமான மீட்சி. போகிற ஆலை அறை இந்த முறை விதிப்படி இருக்க வேண்டும். அது அவருடைய மனத்திடத்தின் பொறுப்பு அல்ல.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்குச் சீவி எடுக்கச் சொந்தத் தோல் போதாது. அப்போது இறந்தவர் தந்த தோல் காப்பாற்றும். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. அது நிரந்தரமாக ஒட்டவும் போவதில்லை. இரண்டு மூன்று வாரங்கள் நீரிழப்பையும் கிருமியையும் தடுத்து நிற்கும். அதற்குள் நோயாளி தேறுவார், அவருடைய தோல் மறுபடி எடுக்கத் தயாராகும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய படலமாக எடுக்கிறார்கள். ரத்தம் வடியாது, உடலின் தோற்றம் கெடாது. கிளிசரினில் வைத்துக் குளிர்ப்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கலாம். கோவை கங்கா மருத்துவமனையில் அப்படி ஒரு தோல் வங்கி இயங்குகிறது. ஆண்டுதோறும் தீ எரிக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குப் பக்கத்தில், மதுரையிலாவது, அப்படி ஒன்று நிறைந்த இருப்போடு இருக்க வேண்டும். கண்தானத்துக்குக் கையெழுத்துப் போடும் வீடுகள் அதே தாளில் தோலையும் சேர்த்துக்கொள்ளலாம்.