சனிக்கிழமைச் சம்பளமும் கல்லூரி விண்ணப்பமும்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டிப் பக்கத்துப் பையன்கள் பலர் பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். லீவுக்கு மட்டும் என்றுதான் வீட்டில் பேச்சு. நாலு சனிக்கிழமை சம்பளம் வந்து, ஒரு கடன் தவணையும் கட்டியாகிவிட்டால், ஜூன் மாதம் கல்லூரிப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இங்கே கல்லூரிகளுக்குப் பெரிய போட்டி இந்த வாரச் சம்பளம்தான்.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. திருப்பூரில் 1966-ல் தொடங்கிய சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்குப் பல்லடம் சாலையில் எல்.ஆர்.ஜி. அரசுக் கலைக் கல்லூரி. அவிநாசியிலும் அரசுக் கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. பூண்டியிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். இவற்றில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று உதவித் தொகைகளும் வந்தன. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது தாங்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளத்துக்கு ஈடாகாது என்பதும் உண்மை.

தொழிலோடு சேர்ந்த படிப்பு என்றால் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் உருவானது. பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பெயரைப் பார்த்து மத்திய அரசின் நிஃப்ட் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் தமிழ்நாட்டு வளாகம் சென்னையில் இருக்கிறது, நுழைவுத் தேர்வும் தனி. விண்ணப்பிக்கும் முன் பெற்றோர் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

பூண்டிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அவிநாசி சாலையோரம் உளிச்சத்தம் கேட்கும் சிற்பக்கூடங்களில் பிள்ளைகள் அப்பாவிடமே கற்கிறார்கள். கல்லைப் பார்த்தே குணம் சொல்லும் அந்தப் பையனுக்குப் பட்டம் வேண்டுமென்றால், மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரிக்குப் போக வேண்டும். அப்படி ஒன்று இருப்பதையே பள்ளியில் யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

என் மனதை அதிகம் உறுத்துவது வேறு. பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த ஊர் திருப்பூர்; 2009-ல் தனி மாவட்டமும் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசுப் பொறியியல் கல்லூரி மட்டும் வரவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் கோவைக்கோ ஈரோட்டுக்கோதான் ஓட வேண்டும். ஷிஃப்ட் முடித்துவரும் பெற்றோர் மகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. நிட்டிங்கும் சாயமும் கற்பிக்கும் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியைத் திருப்பூர் மாவட்டத்துக்கு அரசு தர வேண்டும். ஏற்றுமதியாளர்களும் அதைச் சேர்ந்து கேட்க வேண்டும்.