கடன் வரலாறும் வேலைவாய்ப்பும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, ராயகிரியைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர் வங்கித் தேர்வு அறிவிக்கை ஒன்றைக் கையிலேந்தி என்னிடம் வந்தார். “சாமி, கல்லூரிக் கடனில் சில தவணைகள் நிலுவையாய் நிற்கின்றன. நான் தேர்வு எழுதினாலும் வேலை கொடுப்பார்களா?” என்று வினவினார். தகப்பனார் சிறு விவசாயி. கடன் பத்திரத்தில் அவரும் கையொப்பமிட்டவர்.

முன்னாட்களில் வேலைக்குச் செல்பவர் பங்குக் குருவிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வருவார். நானும் பல எழுதித் தந்திருக்கிறேன். அறிந்ததை எழுதினேன், அறிந்த சிலவற்றை எழுதாமலும் விட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நிறுவனங்கள் நாடும் சாட்சிக்கு அத்தகைய தாட்சணியம் கிடையாது.

அந்தச் சாட்சி யாதெனில், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேடாகும். நம் நாட்டில் சிபில் நிறுவனம் 2000-இல் தோன்றியது. 2005-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. வங்கிக் கடன், கடன் அட்டை, நகைக் கடன், தவணையில் வாங்கிய கைப்பேசி, நம் தாய்மார் பெறும் குழுக் கடன் ஆகியவை அங்கே பதிவாகின்றன. பிறருக்காக இட்ட ஜாமீன் கையொப்பமும் தப்புவதில்லை. இவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றனர்.

இதனால் வேலையிழந்தவர் உண்டா? உண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் 2020-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் 2021-இல் ரத்து செய்யப்பட்டது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதாடினார். ஆயினும், கடன் தவறியதாகப் பதிவு உடையவர் தகுதியற்றவர் என்பது அறிவிக்கையின் வாசகம். பொதுமக்கள் பணத்தைக் கையாள்வோரிடம் நிதி ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது முறையே என்று 2025 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். மாலா தீர்ப்பளித்தார்.

பெட்டிச் சாவியை ஒப்படைக்கும் முன் ஆளை விசாரிப்பது நியாயம்தான். கடன் நெருக்கடியில் உள்ளவனைச் சோதனை எளிதில் வெல்லும் என்ற அச்சமும் வீணன்று. ஆனால் மழை பொய்த்ததும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் கிடந்ததும் பதிவேட்டில் எழுதப்படுவதில்லையே! வேலையின்மையால் தவணை தவறுகிறது. தவணை தவறியதால் வேலை மறுக்கப்படுகிறது. கல்விக் கடனைப் பொறுத்தவரை இது பெருங்கொடுமை என்பதே என் எண்ணம். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி, விண்ணப்பதாரரின் எழுத்து மூலமான இசைவின்றி வேலைக்காக இவ்வறிக்கையைப் பெறலாகாது. மறுக்கும் முன் நகலும் தரவேண்டும். நியூயார்க் மாநகரம் 2015-இல் பெரும்பாலான வேலைகளுக்கு இவ்வழக்கத்தையே தடை செய்தது.

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் 2023-இல் எழுத்தர் பணிக்கு 650 மதிப்பெண் கேட்டது. மறு ஆண்டு அதனைத் தளர்த்தி, குறைந்தபட்ச மதிப்பெண்ணை அந்தந்த வங்கியின் விதிக்கு விட்டது. பாதகமான பதிவு இருப்பின், கடன் கொடுத்தவரிடம் நிலுவையில்லாச் சான்று பெற்று அளிக்கவும் இடந்தந்தது. ஆகவே அறிவிக்கைதோறும் அதன் சொற்களைப் படித்தறிய வேண்டும்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. பிழை கண்டு புகார் செய்தால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். குறைந்த தொகைக்குப் பேசிமுடித்த கடன் ‘சமரசத் தீர்வு’ என்றே பதிவாகும். அது முழுவதும் அடைத்ததற்கு ஈடாகாது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் கூறினேன். பதிவேட்டை வாங்கிப் பார்த்தபோது தகப்பனார் பெயரிலும் அதே கறை இருந்தது. சமரசத்திற்கு உடன்படாமல் அவர் கறவை மாடு ஒன்றை விற்று நிலுவை முழுவதையும் கட்டினார். சான்றுக் கடிதம் பெற வங்கிக்கு மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. மகன் தேர்வு எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.