லேபர் ஆபீஸ் கதவைக் கொஞ்சம் திறப்போமா?

பெட்ரோல் பங்க்கில் 5 லிட்டர் கேனை வைத்து அளந்து பார்க்கிறவர் ஒருவர். ஜவுளிக்கடையில் புடவைக் குவியலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு உட்கார ஸ்டூல் எங்கேங்க?" என்று கேட்கிறவர் ஒருவர். கடைக்கு வெளியே நின்று, பெயர்ப்பலகையில் தமிழ் பெரிதா இங்கிலீஷ் பெரிதா என்று அண்ணாந்து பார்க்கிறவர் ஒருவர். சுதந்திர தினத்தன்று ஊரே லீவில் இருக்க, யார் கடையில் ஆளை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெருத்தெருவாகத் தேடுகிறவர் ஒருவர். நாலு பேரும் ஒரே ஆள்தான் என்றால் நம்புவீர்களா? அவர்தான் தொழிலாளர் உதவி ஆய்வர். ஊர் வாயில் லேபர் இன்ஸ்பெக்டர்.

குரூப் 2 எழுதித் தேறி, பிராட்வே பக்கம் இருக்கும் தேர்வாணைய அலுவலகத்தில் கலந்தாய்வுக்கு உட்காரும் நாளில் வீட்டிலிருந்து வரும் போன்கள் எல்லாம் ஒரே ரகம். "சார்பதிவாளர் கிடைக்குதா பாருடா." "கமர்ஷியல் டாக்ஸ் இருந்தா விட்டுடாதே." தொழிலாளர் துறையை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு துறை இருப்பது தெரிந்தால்தானே சொல்வதற்கு! எனக்கென்னவோ அந்தப் பட்டியலிலேயே குஷியான பதவி இதுதான் என்று தோன்றுகிறது. ஊரிலுள்ள கடைகளின் பின்கட்டுக்குள் சட்டப்படி நுழைந்து எட்டிப் பார்க்க ஒருவருக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால், அது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! வாருங்கள், நாமும் கூடவே நுழைவோம்.

தலைமையிடம் சென்னை தேனாம்பேட்டையில். மெட்ரோவில் ஏ.ஜி. டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே வளாகம். மருத்துவத் துறையின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த டி.எம்.எஸ். வளாகத்துக்குள்தான் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் குடியிருக்கிறது. வழி கேட்டால் பாதிப் பேர் உங்களை டாக்டர்களிடம் அனுப்பிவிடக்கூடும். மாவட்டங்களுக்குப் போனால் தொழிலாளர் உதவி ஆணையர் என்ற பெயரிலேயே பல பேர், அடைப்புக்குறிக்குள் மட்டும் வித்தியாசம்: அமலாக்கம், சமரசம், சமூகப் பாதுகாப்புத் திட்டம். ஒருவர் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவார். இன்னொருவர் சண்டைக்காரர்களை உட்கார வைத்துப் பேசுவார். மூன்றாமவர் கட்டுமானம், ஆட்டோ, தையல் என்று நலவாரியங்களில் பதிந்திருப்பவர்களின் உதவித்தொகை மனுக்களோடு மல்லுக்கட்டுவார். அவற்றில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதல் இயங்குகிறது.

நேராக எடைக்கல்லுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

தமிழ்நாட்டில் தராசைச் சரிபார்க்கும் வேலையும் தொழிலாளர் துறையிடம்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்கு இங்கே பொறுப்பாளர் தொழிலாளர் ஆணையரேதான். சம்பளத்தைப் பார்க்கிற கண்ணே சர்க்கரையின் எடையையும் பார்க்கிறது! முத்திரை ஆய்வர் என்றே ஒரு பதவி உண்டு. அவர் மேஜைக்குப் பக்கத்தில் சும்மா நின்றாலே பொழுது போய்விடும். சந்தைக் கடைக்காரர் மஞ்சள் பையைக் கவிழ்த்து இரும்புக் கற்களைக் கொட்டுவார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழி, அதற்குள் ஈயம் அடைத்திருக்கும். தேய்ந்து எடை குறைந்த கல் என்றால் அந்தக் குழியில் ஈயத்தைக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும். மாதிரிக்கல்லோடு தராசில் நிறுத்து முள் நேரே நின்றதும், ஈயத்தின் மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. ணங்! ஆய்வரின் எண், வருஷம், எந்தக் காலாண்டு என்று காட்டும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்று, எல்லாம் ஈயத்தில் பதிந்துவிடும். எடைக்கல்லுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும், எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும் இந்தச் சடங்கு உண்டு. உங்கள் தெருக் காய்கறிக்காரர் அசந்திருக்கும் நேரம் பார்த்துக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். (அவர் முறைத்தால் என் பேரைச் சொல்லாதீர்கள்.)

சரி, ஆய்வர் கையிலிருக்கும் மாதிரிக்கல் சரியா என்று யார் பார்ப்பது? அதற்கு மேல் ஒரு கல். அந்தக் கல்லுக்கு மேலே பெங்களூரில் ஒரு மண்டல ஆய்வகம். எல்லாவற்றுக்கும் மேலே டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 57 என்ற எண் கொண்ட பிளாட்டினம் இரிடியம் கிலோ பத்திரமாக இருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உலோகக் கட்டிக்கும் மேலே பிளாங்க் மாறிலி ஏறி உட்கார்ந்துகொண்டது. உலகம் இப்போது கிலோவை அந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறது. கோயம்பேட்டில் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது ஒரு துளி குவாண்டம் இயற்பியலும் பையில் விழுகிறது, கொசுறாக! இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் சுத்தியலோடு நிற்பவர் நம்ம லேபர் ஆபீஸ்காரர்.

பங்க் சோதனையும் அவருடையதே. 5 லிட்டருக்கு முன்னே பின்னே 25 மில்லி வரை போனால் விட்டுவிடுவார். அதற்கு மேல் குறைந்தால் பம்புக்குச் சீல். அந்த 5 லிட்டர் கேன் ஒவ்வொரு பங்க்கிலும் இருந்தாக வேண்டும், நீங்களே கேட்டும் அளந்து பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.யைவிட ஒரு ரூபாய் கூட்டி விற்றாலும் புகார் வந்து சேருவது இந்தத் துறைக்குத்தான். முன்பெல்லாம் மால், தியேட்டர் என்றால் அதே பாட்டிலுக்கு வேறு எம்.ஆர்.பி. அச்சடித்து வரும். ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. கூடாது என்று 2018 ஜனவரி 1 முதல் விதியே வந்துவிட்டது.

இனி ஸ்டூல். ரங்கநாதன் தெருவில் நெரிசலுக்கு நடுவே ஒரு பெண் புடவை புடவையாக விரித்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பது நம் கண்ணில் பட்டிருக்காது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வைத்திருக்க வேண்டும். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது, நாம் அடுத்து வந்தோம். ஆக, அரசாங்கம் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராகப் போய் ஸ்டூல் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லியிருக்கிறது. எத்தனை அழகான வேலை! கைதேர்ந்த ஆய்வர் ஸ்டூலைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிட மாட்டார். அதன் மேல் தூசு இருக்கிறதா என்று பார்ப்பார். தூசு இருந்தால் அது அவர் வருகிறார் என்று குடோனிலிருந்து எடுத்துப் போட்ட ஸ்டூல்.

பெயர்ப்பலகைக்கும் கணக்கு உண்டு. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற விகிதத்தில் எழுத்து இருக்க வேண்டும், தமிழ்தான் முதலில் வர வேண்டும். தமிழ் வாத்தியாராக வர ஆசைப்பட்டு வேறு வழியில் போனவர்கள் இங்கே பழி தீர்த்துக்கொள்ளலாம்.

குஷியின் உச்சம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலு நாளும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தோடு கட்டாய விடுமுறை. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாற்று விடுப்புத் தர வேண்டும். முன்கூட்டியே படிவமும் கொடுத்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க அன்றைக்குத்தானே போயாக வேண்டும்! கொடியேற்றி மிட்டாய் தின்ற கையோடு ஆய்வர்கள் ஓட்டல், பட்டறை, ஜவுளிக்கடை என்று கிளம்பிவிடுவார்கள். அடுத்தவருக்கு லீவு கிடைத்ததா என்று பார்க்கத் தன் லீவைக் கொடுக்கிற உத்தியோகம். மறுநாள் பேப்பரில் "விடுமுறை அளிக்காத நிறுவனங்கள் மீது நடவடிக்கை" என்று ஒரு பத்திச் செய்தி வரும். அவருடைய மேடை அவ்வளவுதான்.

சிரிப்பு நின்றுபோகும் இடமும் உண்டு. பட்டறையின் பின்பக்கம் பதினான்கு வயது ஆகாத ஒரு பையன் கையில் ஸ்பானரோடு நின்றால், அந்த நாளின் மற்ற வேலையெல்லாம் தள்ளிப் போகும். பையனை மீட்க வேண்டும், வயதுச் சான்று வாங்க வேண்டும், வழக்குத் தொடுக்க வேண்டும். முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இப்போது சமரச அறை. வெளியே கோஷம், உள்ளே டீ. மேஜைக்கு இந்தப் பக்கம் சங்கம், அந்தப் பக்கம் நிர்வாகம், நடுவில் சமரச அலுவலர். "12(3) போட்டாச்சா?" என்று சங்கத்துக்காரர்கள் கேட்டது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தை. அவர் இல்லாமல் இரண்டு தரப்பும் தாமே பேசி முடித்திருந்தால் அது "18(1)". இந்த எண்கள் தெரியாமல் அந்த வராந்தாவில் நின்றிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. 2024 செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15-ல் முடிவுக்கு வந்ததற்கும் துறையின் சமரசப் பேச்சுவார்த்தைதான் வழிவிட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேச்சுவார்த்தை முட்டிக்கொண்டாலும் வந்து சேரும் இடம் இதுதான். பணிக்கொடை வழக்கு என்றால் உதவி ஆணையர் பாதி நீதிபதி ஆகிவிடுவார். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கினால் தொகை வந்துவிடும். இருபது வருஷம் நடந்து தேய்ந்த செருப்போடு வருகிறவருக்கு அந்தப் பெருக்கலைப் போட்டுக் கொடுக்கும் நிமிஷத்துக்காகவே இந்த நாற்காலியில் உட்காரலாம்.

இன்னொரு சங்கதி. 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் பதவி உண்டானபோது, அவருடைய பெரிய வேலை ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் ஏற்படுத்துவதாக இருந்தது. "லேபர் ஸ்கூல்" என்று அந்தப் பள்ளிகளைச் சொல்வார்கள். பின்னாளில் அந்த வேலை தனித் துறையாகப் பிரிந்தது. பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918-ல் பிறந்த, சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடிய ஊரில் இந்தத் துறைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம்!

உள்ளே போக வழி என்ன? பட்டம் இருந்தால் குரூப் 2. முதல்நிலைத் தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண். பிறகு முதன்மைத் தேர்வு, அதில் தமிழ்த் தகுதித் தாளில் தேறியே ஆக வேண்டும். குரூப் 4-ல் தேறி இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ வந்து பதவி உயர்வில் மேலே போகிறவர்களும் உண்டு. பொறியியல் படித்தவர்களுக்குப் பக்கத்து வீடு ஒன்று இருக்கிறது, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அங்கே உதவி இயக்குநர் ஆனால் கொதிகலன் சத்தத்துக்கும் பட்டாசு ஆலைக்கும் நடுவே வாழ்க்கை. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருப்பது பலருக்குத் தெரியாது. தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ., பகுதிநேரப் பட்டயங்கள் எல்லாம் உண்டு. உதவி ஆய்வர் பதவிக்கு இந்தப் படிப்பு முன்னுரிமைத் தகுதி. அரசு வேலை அமையாவிட்டாலும் நட்டமில்லை. 500 தொழிலாளர் இருந்தாலே ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று பழைய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாட்டால், தனியார் ஆலைகளிலும் இந்தப் படிப்புக்கு நாற்காலி உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பெரிய எல்லைக்குச் சிலரே ஆய்வர்கள், பல இடத்தில் சொந்த டூவீலர்தான் வாகனம். கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் கவுன்சிலர் போன் வரும். மாமூல் என்ற பழைய வியாதியும் உண்டு. கை நீட்டினால் லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனப் பவுடரோடு காத்திருக்கிறது. இதற்கு நடுவில் 29 மத்தியச் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருட்டி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் மறுபடி பள்ளிக்கூடம் போகிற நிலைமை. எந்த நிறுவனத்துக்குச் சோதனைக்குப் போவது என்பதைக்கூட இனிக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும் என்கிறது புதிய ஏற்பாடு. ஆனால் ஸ்டூலும் எடைக்கல்லும் அந்தத் தொகுப்புகளுக்குள் வரவில்லை. அவை வேறு சட்டம்.

நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆசை என்றால் வேறு துறையை எடுங்கள். தெருவில் நடக்கவும், வாய் பேசவும், கொஞ்சம் வம்பு பார்க்கவும் பிடிக்கும் என்றால், அடுத்த குரூப் 2 அறிவிக்கையில் "உதவி ஆய்வர், தொழிலாளர் துறை" என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். கலந்தாய்வில் சார்பதிவாளர் இடம் காலியாக இருந்தாலும் சரி, என் ஓட்டு இதற்குத்தான்.