காய்ச்சல் இல்லை... ஆனால், சிறுநீரில் ரத்தம்! மலை மாடுகளை மெலிய வைக்கும் பெரணி

நன்றாக மேய்ந்து கொண்டிருந்த கறவைப் பசு, ஒருநாள் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கிறது. காய்ச்சல் இல்லை. தீனியும் எடுக்கிறது. நாலு நாளில் சரியானதுபோல இருக்கும். அடுத்த மாதம் மறுபடியும் சிவப்பு. பால் குறைந்து, உடம்பு மெலிந்து, கண் இமையின் உள்பக்கம் வெளுத்துப் போகும். நீலகிரி, இமயமலை அடிவாரம் போன்ற மலைப் பகுதிகளில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

மாட்டின் சிறுநீர்ப்பையில் வளரும் கட்டிகள்தான் இதற்குக் காரணம். அந்தக் கட்டிகளை உண்டாக்குவது மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஒருவகைப் பெரணிச் செடி.

சிறுநீர்ப்பைக்குள் நடப்பது என்ன?

இடுப்பளவு உயரத்துக்கு, முக்கோண வடிவ ஓலைகளுடன் புதராக வளரும் 'பிராக்கன்' பெரணி இது. இதன் இளங்குருத்து நாய் வால்போலச் சுருண்டிருக்கும். இதிலுள்ள 'டாகுவிலோசைடு' என்ற நச்சுப்பொருள் சிறுநீர் வழியாக வெளியேறும்போது, பையின் உள்தோலைத் தொடர்ந்து தாக்குகிறது. மாட்டுக்கு மரு உண்டாக்கும் ஒருவகை வைரஸும் இதற்குத் துணைபோகிறது.

முதலில் உள்தோல் தடிக்கும். பிறகு, பூக்கோசுபோன்ற சிறு மருக்களோ, ரத்தக் குழாய்கள் திரண்ட சிவப்பு முடிச்சுகளோ தோன்றும். இவை பக்கத்துத் தசைக்குள் ஊடுருவாத, வேறு உறுப்புக்குப் பரவாத சாதாரணக் கட்டிகள். ஆனால், 'புற்றுநோய் இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கட்டியின் மேல்தோல் மெல்லியது. உரசினாலே ரத்தம் கசியும். மாதக்கணக்கில் கசிந்தால், ரத்தசோகையே மாட்டைச் சாய்த்துவிடும். ஒரே பைக்குள் சாதாரணக் கட்டியும் புற்றுநோய்க் கட்டியும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

துருக்கி நாட்டு விஞ்ஞானி பாமுக்சுவின் குழு, 1960-களில் பசுக்களுக்குப் பெரணியைத் தொடர்ந்து கொடுத்து, சிறுநீர்ப்பையில் கட்டிகள் உண்டாவதை உறுதிப்படுத்தியது.

கண்ணாடி டம்ளர் சோதனை

உண்ணிக் காய்ச்சலிலும், கன்று ஈன்ற பிறகு வரும் பாஸ்பரஸ் பற்றாக்குறையிலும்கூட சிறுநீர் சிவக்கும். சிறுநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். ரத்தம் அடியில் படிந்து, மேலே தெளிந்தால் சிறுநீர்ப் பாதையில் கசிவு இருக்கலாம். படியாமல் முழுக்கச் சிவப்பாகவோ, காபி நிறத்திலோ இருந்தால், உடம்புக்குள்ளேயே ரத்த அணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிக்கலாம். இது ஓர் அடையாளம் மட்டுமே. எதுவானாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே காட்டுங்கள்.

மருந்தைவிட மேய்ச்சல் முக்கியம்

கட்டியைக் கரைக்கும் மருந்து இல்லை. சத்து மருந்துகளால் ரத்தசோகையை ஓரளவு ஈடுகட்டலாம். ஆரம்பத்திலேயே பெரணி இல்லாத இடத்துக்கு மாட்டை மாற்றினால் கசிவு குறைய வாய்ப்பு உண்டு. வருடக்கணக்கில் தின்ற பிறகே நோய் தெரியும் என்பதால், ஒரு மாட்டில் கண்டால் அதே இடத்தில் மேய்ந்த மற்ற மாடுகளையும் கவனியுங்கள்.

* சுருள் குருத்திலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலும் நச்சு அதிகம். குருத்து விடும் பருவத்தில் அங்கே மேய்க்க வேண்டாம்.
* புல் காய்ந்த காலத்தில்தான் பசித்த மாடு பெரணியைக் கடிக்கும். அப்போதைக்கு உலர்தீவனம் சேமித்து வையுங்கள்.
* தீ வைத்தால் ஒழியாது. மண்ணுக்குள் உள்ள தண்டிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை என, சில ஆண்டுகள் விடாமல் வெட்டினால்தான் தளரும்.
* வெட்டியதை மாட்டுக்குப் போடாதீர்கள். காய்ந்தாலும் நச்சு முழுதாகப் போவதில்லை.

பெரணி தின்ற மாட்டின் பாலிலும் இந்த நச்சின் ஒரு பகுதி வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, மேய்ச்சல் நிலத்தைச் சுத்தம் செய்வது மாட்டுக்காக மட்டுமல்ல, அந்தப் பாலைக் குடிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்தான்.