மூட்டுவாத மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?



மூட்டுவாதம் என்றாலே வயசானவங்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது வரும். 16 வயதுக்குள் ஆரம்பித்து, 6 வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியே இருந்தால், அது குழந்தைகள் மூட்டுவாதமா என்று டாக்டர் பார்ப்பார். காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டுவதும் ஓர் அடையாளம்.

கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தி, சொந்த மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் இந்த நோய் வருகிறது. அதை அடக்கத்தான் மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். வீக்கம் குறைகிறது. கூடவே, கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது. மற்ற பிள்ளைகளுக்குச் சில நாளில் போய்விடும் ஃப்ளூ காய்ச்சல், இவர்களுக்கு நிமோனியாவாக முற்றலாம். அதனால்தான் தடுப்பூசி அவசியம்.

ஊசி போட்டால் நோய் கூடுமா?

"ஏற்கெனவே இவ்வளவு மருந்து, இதுல ஊசி வேறயா? மூட்டு இன்னும் வீங்கிடாதா?" என்று தாய்மார்கள் பயப்படுவது இயல்பு. ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் ஃப்ளூ வராது. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளில், ஊசியால் மூட்டுவாதம் கூடியதாகத் தெரியவில்லை. கை வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான்.

மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து வேறு. அதில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி இருக்கிறது. அது இவர்களுக்குக் கூடாது. போலியோ சொட்டு, தட்டம்மை ஊசியும் அந்த வகைதான். அவற்றைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

எப்போது, எத்தனை ஊசி?

6 மாதம் முடிந்த பிள்ளை முதல் போடலாம். ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷம் ஒருமுறை போட வேண்டும். 9 வயதுக்குள் முதன்முறையாகப் போட்டால், 4 வாரம் இடைவெளி விட்டு 2 ஊசி. பலன் தர 2 வாரம் ஆகும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃப்ளூ அதிகம். அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. பணம் புரளவில்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள். பிள்ளையின் உடம்பைவிட முக்கியமான செலவு எது?

மறக்க வேண்டாம்:

* ஊசிக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.
* வீட்டில் உள்ள பெரியவர்களும் ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளைக்குக் கூடுதல் பாதுகாப்பு.
* காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூவுக்கான மருந்தை 2 நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.
* காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.
* பிள்ளையின் மருந்துச் சீட்டை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் மூட்டு வீங்கி நொண்டும் பிள்ளை இருந்தால், "வளர்ற பிள்ளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.