சுற்றுவது சுலபமா?

சகோதரிகளே, ஆனையிறவைக் கடந்து ஏ9 வீதியில் போயிருக்கிறீர்களா? இருபுறமும் கடல்நீரேரி, நடுவே நேர் வீதி. சாரதிக்கு என்ன சிரமம் என்று தோன்றும். மாறாத பாதையில்தான் கவனம் சோரும் என்பது அவருக்குத் தெரியும்.

முட்டை வடிவத் தளத்தில் வாகனப் பந்தயமும் அப்படித்தான். ஃபார்முலா 1 கண்ட கோவை வீரர் நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் தளத்தில் ஓட்டினார். ஒரு சுற்று ஏறத்தாழ 850 மீட்டர், சுற்றுகளோ 250! திருப்பமெல்லாம் இடப்பக்கமே. பாரம் வலப்பக்க டயர்களில் சாயும், நேர்ப்பாதை குறுகியதால் பிரேக் ஆற நேரமில்லை, பக்கத்திலேயே சுவர். முதல் முயற்சியில் 13ஆவதாக வந்தார்.

"வீட்டில் தினமும் அதே வேலைதானே, என்ன கஷ்டம்?" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரே வட்டத்தைத் தவறாமல் சுற்றுவதும் பெரிய திறமைதான்.